ஊதியம் உயர்ந்த பிறகும் ஆசிரியர் அறையில் ஏன் சோர்வு?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இவ்வாறு: பள்ளியும் கல்லூரியும் சேர்ந்த ஒரு கல்வி நிறுவனத்தின் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறீர்கள். ஆசிரியர்களுக்கு ஊதியம் உயர்த்தப்பட்டிருக்கிறது, கட்டட வசதிகளும் மேம்பட்டிருக்கின்றன. ஆயினும் நன்றாகப் பாடம் நடத்தக்கூடியவர்கள் ஒவ்வொருவராக விலகுகிறார்கள், இருப்பவர்களிடமும் முன்பிருந்த உற்சாகம் இல்லை. எங்கே தவறு நேர்கிறது, எதை முதலில் மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளியில் ஆசிரியராகத் தொடங்கி, பின்னர் கல்லூரியில் கற்பித்து, சில ஆண்டுகள் துறைத் தலைமைப் பொறுப்பையும் வகித்தவன் என்ற முறையில், ஆய்வுகள் கூறுவதையும் நான் நேரில் கண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. பணித்திருப்தி என்பது ஓர் ஆசிரியர் தம் வேலையை எண்ணிப் பார்க்கும்போது தமக்குள் உணரும் நிறைவு. மனஉறுதி என்பது ஒரு பள்ளியின் அல்லது துறையின் ஆசிரியர்கள் கூட்டாகக் கொண்டிருக்கும் ஊக்கம். நாளையும் இங்கே வந்து உழைப்பதில் பயன் இருக்கிறது என்ற நம்பிக்கை அதன் அடித்தளம். முன்னது கடந்து வந்த நாட்களைப் பற்றியது, பின்னது வரப்போகும் நாட்களைப் பற்றியது. வகுப்பறையில் மகிழ்ச்சியாக இருக்கும் ஓர் ஆசிரியர், ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் சோர்ந்துபோவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவருக்குத் திருப்தி இருக்கிறது, அவர் இருக்கும் குழுவுக்கு மனஉறுதி இல்லை. (பணிநிறைவு என்ற அழகான சொல்லை ஓய்வுபெறும் நாளுக்கென்று ஒதுக்கிவிட்டோம் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு வருத்தம் உண்டு. பணியில் இருக்கும்போதே கிடைக்க வேண்டிய நிறைவைப் பற்றித்தான் இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம்.)

இந்த வேறுபாடு உலக அளவிலான தரவுகளிலும் தெரிகிறது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2018இல் 48 நாடுகளிலும் பகுதிகளிலும் ஆசிரியர்களிடையே நடத்திய பன்னாட்டு ஆய்வில், அவ்வமைப்பின் உறுப்பு நாடுகளில் சராசரியாக 90 விழுக்காட்டு ஆசிரியர்கள் தங்கள் பணியில் திருப்தி கொண்டிருப்பதாகக் கூறினர். அதே ஆசிரியர்களுள் தங்கள் தொழிலைச் சமுதாயம் மதிக்கிறது என்று கருதியவர்கள் 26 விழுக்காட்டினர் மட்டுமே. ஆகவே ‘உங்களுக்கு இந்த வேலை பிடித்திருக்கிறதா?’ என்ற ஒற்றைக் கேள்வியோடு கருத்துக்கணிப்பை முடித்துக்கொள்ளும் நிர்வாகம், எல்லாம் நலமாக இருக்கிறது என்ற முடிவுக்கு வந்துவிடும். பிடித்த வேலையைச் செய்ய முடியாத சூழலில் இருப்பதுதான் பல ஆசிரியர்களின் துயரம். அந்தக் கேள்வி அதைத் தொடுவதே இல்லை.

இப்போது ஊதியத்துக்கு வருகிறேன். உளவியலாளர் பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடைய குழுவினரும் ஏறத்தாழ 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் நேர்கண்டு, 1959இல் வெளியிட்ட முடிவு இங்கே பயன்படும். வேலையில் மனக்குறையை உண்டாக்கும் காரணங்களும் மனநிறைவைத் தரும் காரணங்களும் வேறு வேறு என்றார்கள் அவர்கள். ஊதியம், வேலைச் சூழல், நிர்வாகத்தின் கொள்கை, மேற்பார்வை ஆகியவை சரியில்லையென்றால் மனக்குறை வளரும். அவற்றைச் சரிசெய்தால் குறை நீங்கும், அதனாலேயே நிறைவு வந்துவிடாது. சாதனை உணர்வு, அங்கீகாரம், பொறுப்பு, வேலையின் தன்மை போன்றவையே நிறைவைத் தருகின்றன. இந்தப் பிரிவினையைப் பின்வந்த ஆய்வாளர்கள் பலர் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார்கள். எல்லாத் தொழிலுக்கும் அது அப்படியே பொருந்தும் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனாலும் ஆசிரியர் பணியைப் பொறுத்தவரை அதன் சாரம் உண்மை என்பதைப் பிற்காலச் சான்று ஒன்று உறுதிப்படுத்துகிறது. இந்தோனேசியா 2005இல் இயற்றிய சட்டத்தின்படி, சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களுக்கு அடிப்படை ஊதியத்துக்கு இணையான தொகை கூடுதலாக வழங்கப்பட்டது. அதன் விளைவை 360 பள்ளிகளில் ஆராய்ந்து 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஆசிரியர்களின் வருமானத் திருப்தி உயர்ந்தது, பணக்கவலை குறைந்தது, வெளியில் வேறு வேலைக்குப் போவதும் குறைந்தது என்று கண்டது. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் மாணவர்களின் கற்றலில் முன்னேற்றம் தென்படவில்லை.

இதை ஊதியம் முக்கியமில்லை என்பதற்கான சான்றாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படி எடுத்துக்கொள்ளும் நிர்வாகங்களை நான் அறிவேன், அது அநீதி. வீட்டு வாடகைக்காக மாலையில் இன்னொரு வேலைக்கு ஓடும் ஆசிரியரிடம் கற்பித்தலின் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுவது கொடுமை. ஒரே பாடத்தை ஒரே அளவு பாடவேளைகளில் நடத்தும் இருவரில், நிரந்தரப் பணியில் இருப்பவர் பெறுவதில் ஒரு சிறு பகுதியை மட்டும் தற்காலிக ஆசிரியர் பெறுகிறார் என்றால், அங்கே பணத்தோடு தன்மானமும் அடிபடுகிறது. அந்தக் காயம் அவர் ஒருவரோடு நிற்பதில்லை. பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருப்பவரையும் கூச வைக்கிறது. நியாயமான ஊதியமும் பணிப் பாதுகாப்பும் தரை போன்றவை. நீங்கள் தரையை அமைத்திருக்கிறீர்கள், அது சரியான செயல். அதன் மேல் எழும்ப வேண்டியது இன்னும் எழும்பவில்லை.

அந்த எழும்ப வேண்டியது எது? ஹெர்ஸ்பெர்க்கின் முறையை 1967இல் ஆசிரியர்களிடம் பயன்படுத்திப் பார்த்த கல்வி ஆய்வாளர் தாமஸ் செர்ஜியோவானி, சாதனை உணர்வு, அங்கீகாரம், பொறுப்பு ஆகிய மூன்றும் ஆசிரியர்களுக்கு நிறைவளிப்பதாகக் கண்டார். பதவி முன்னேற்றம் என்ற காரணம் அவர்கள் பேச்சில் இடம்பெறவில்லை, ஏனென்றால் இந்தத் தொழிலில் ஏறிச்செல்லப் படிகளே குறைவு. ஆசிரியராகச் சேர்ந்தவர் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஆசிரியராகவே இருப்பார். தலைமைப் பதவிக்கு உயர்ந்தால் வகுப்பறையை விட்டு விலக வேண்டியிருக்கும். ஆகவே அவருடைய சாதனை உணர்வு முழுவதும் மாணவரிடமிருந்துதான் வந்தாக வேண்டும். ஒரு மாதமாகப் பின்னத்தைக் கண்டு அஞ்சிக்கொண்டிருந்த குழந்தை ஒரு நாள் கரும்பலகைக்குத் தானே எழுந்து வருகிறது. முதலாண்டில் வாயே திறக்காத மாணவர் மூன்றாமாண்டில் ஆசிரியரின் கருத்தை மறுத்துப் பேசுகிறார். ஆசிரியரின் உண்மையான கூலி இந்தத் தருணங்கள்தாம். இவை அரிதாகவே வருகின்றன, முன்னறிவிப்பு இல்லாமல் வருகின்றன, ஆசிரியர் வகுப்பில் முழு மனத்தோடு இருந்தால் மட்டுமே கண்ணில் படுகின்றன.

என் பதிலின் மையம் இதுதான்: ஆசிரியருக்கும் அந்தத் தருணத்துக்கும் இடையில் வந்து நிற்கும் ஒவ்வொன்றும் அவருடைய திருப்தியை அரிக்கிறது. உங்கள் நிறுவனத்தின் எந்தப் பழக்கத்தையும், இது ஆசிரியரை மாணவருக்கு அருகில் கொண்டுவருகிறதா, விலக்கி வைக்கிறதா என்று கேட்டு எடைபோடலாம்.

விலக்கி வைப்பவற்றுள் முதலிடம் எழுத்துவேலைக்கு. மேலே குறிப்பிட்ட பன்னாட்டு ஆய்வில் மனஅழுத்தத்துக்கான காரணங்களாக ஆசிரியர்கள் கூறியவற்றுள் நிர்வாகப் பணிச்சுமையே அதிகம் சொல்லப்பட்டது. ஆசிரியர்கள் வாரத்தில் சராசரியாக ஏறத்தாழ 39 மணி நேரம் உழைக்கிறார்கள், அதில் ஏறக்குறைய பாதி மட்டுமே கற்பித்தலுக்குச் செல்கிறது என்பதும் அதே ஆய்வின் தகவல். மீதிப் பாதி முழுவதும் வீண் என்று சொல்ல வரவில்லை. பாடத்துக்குத் தயாராவதும் விடைத்தாள் திருத்துவதும் கற்பித்தலின் உறுப்புகள். விடைத்தாளைத் திருத்தும்போதுதான் எந்த மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்பது தெரிகிறது. நான் குறிப்பிடுவது வேறு வகை வேலையை. வருகையைப் பதிவேட்டில் எழுதி, அதையே செயலியில் உள்ளிட்டு, மாத இறுதியில் அதையே கணினி அட்டவணையாக அனுப்புவது அந்த வகை. பாடக்குறிப்பேட்டைப் பாடம் நடத்துவதற்காக எழுதாமல், பார்வையிட வருபவர் கையெழுத்திடுவதற்காக எழுதுவதும், நடந்த நிகழ்ச்சியைவிட அதன் நிழற்படங்களும் அறிக்கையும் முக்கியமாகிவிடுவதும் அந்த வகையே. இவற்றின் தீமை, அவை எடுத்துக்கொள்ளும் நேரத்தோடு முடிவதில்லை. பயனில்லை என்று தெரிந்தே ஒரு வேலையைச் செய்யும் மனிதர், தம் உழைப்பைத் தாமே மதிப்பதை மெல்ல மெல்ல நிறுத்திவிடுகிறார்.

நான் பள்ளியில் பணியாற்றிய நாட்களில் ஒரு தலைமையாசிரியர் எளிய விதி ஒன்றை வைத்திருந்தார். புதிதாக ஒரு பதிவேடு வேண்டும் என்று யார் கேட்டாலும், பழைய பதிவேடு ஒன்றை எடுத்துவிட்டுத்தான் அதைச் சேர்க்கலாம். மேலிடத்திலிருந்து வரும் படிவங்களைத் தாமே முதலில் படித்து, அலுவலகத்திலேயே நிரப்பக்கூடிய பகுதிகளை எழுத்தரிடம் கொடுத்து நிரப்பச் செய்து, எஞ்சியதை மட்டுமே எங்களிடம் கொடுப்பார். அதனால் எங்களுக்கு மிஞ்சிய நேரத்தை நாங்கள் கணக்கிட்டுப் பார்த்ததில்லை. எங்கள் நேரத்துக்கு ஒருவர் காவல் நிற்கிறார் என்ற உணர்வே பெரிதாக இருந்தது. அவர் மாறுதலாகிப் போன ஓராண்டுக்குள் அதே ஆசிரியர்கள், அதே கட்டடம், அதே ஊதியம் எல்லாம் இருந்தும் அந்தப் பள்ளி வேறு பள்ளியாகிவிட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

தலைமையைப் பற்றிச் சொல்லும்போது நியாயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். செர்ஜியோவானியின் ஆய்வில் ஆசிரியர்களின் மனக்குறைக்குக் காரணமானவற்றுள் பாரபட்சமும் ஒன்று. ஆசிரியர் அறையில் கொதிக்கும் கோபங்களில் பெரும்பாலானவை கால அட்டவணையிலிருந்துதான் பிறக்கின்றன என்று நான் துணிந்து சொல்வேன். கடைசிப் பாடவேளைகள் யாருக்கு, சமாளிக்கக் கடினமான பிரிவு ஆண்டுதோறும் யார் தலையில் விழுகிறது, விடுப்பில் சென்றவரின் வகுப்பைக் கவனிக்க யாரை மட்டும் அனுப்புகிறார்கள் என்பவை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அற்பமாகத் தோன்றலாம். உள்ளே இருப்பவருக்கோ நிர்வாகம் தம்மை எப்படி எடைபோடுகிறது என்பதற்கான அன்றாடச் சான்று அவை. அட்டவணை எந்த அடிப்படையில் தயாரிக்கப்பட்டது என்பதை எல்லாரும் அறிய எழுதிவைத்து, கடினமான பிரிவுகளைச் சுழற்சி முறையில் கொடுத்தால், பல ஆண்டுப் புழுக்கம் ஒரு பருவத்திலேயே தணியும்.

வகுப்பறைக் கண்காணிப்பும் இதே நியாயத்துக்கு உட்பட்டது. குறை பிடிக்க வந்து பின் வரிசையில் அமர்பவர் முன்னால், எந்த ஆசிரியரும் புதிதாக எதையும் செய்து பார்க்கத் துணியமாட்டார். மனப்பாடமாகத் தெரிந்த பாடத்தையே நடத்துவார். அப்படி ஆண்டுக்கணக்கில் நடத்துபவருக்குத் தம் வேலை மீது சலிப்பு வருவதில் வியப்பில்லை. தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் வைத்து ஆசிரியரை அளக்கும் பழக்கமும் இதையே செய்கிறது: தேறமாட்டார் என்று தோன்றும் மாணவர், ஆசிரியரின் கண்ணுக்கு ஓர் ஆபத்தாக மாறிவிடுகிறார். யாரைத் தேற்றுவதில் ஆசிரியருக்கு அதிகபட்ச நிறைவு கிடைத்திருக்குமோ, அவரையே சுமையாக நினைக்கும் நிலைக்கு ஆசிரியர் தள்ளப்படுகிறார்.

சோர்வு முற்றினால் என்ன ஆகும் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் அதன் அறிகுறிகளை நிர்வாகங்கள் பெரும்பாலும் ஒழுங்கீனம் என்று தவறாகப் படிக்கின்றன. பணியால் நேரும் உளச்சோர்வு (burnout) என்று இன்று சொல்லப்படும் நிலையை 1974இல் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் விவரித்தார். 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் அதை அளக்கும் முறையை உருவாக்கியபோது அதற்கு மூன்று முகங்கள் இருப்பதைக் காட்டினர். உணர்வு வற்றிப்போதல், தம்மிடம் வரும் மனிதர்களைப் பொருட்களைப்போல நடத்தத் தொடங்குதல், தம்மால் எதுவும் சாதிக்க முடியவில்லை என்று எண்ணுதல் ஆகியவை அவை. இரண்டாவது முகமே ஆசிரியர்களிடம் வெளிப்படையாகத் தெரியும். மாணவர்களின் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தவர் வரிசை எண்ணைச் சொல்லி அழைக்கத் தொடங்குவார். கேள்வி கேட்கும் மாணவரிடம் எரிந்து விழுவார். அவருக்கு விளக்கம் கேட்டு ஓலை அனுப்பினால் மூன்றாவது முகமும் முழுமையாகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இந்நிலையைப் பணியிடம் சார்ந்த நிகழ்வாக வகைப்படுத்தியது, தனிமனிதரின் நோயாக வகைப்படுத்தவில்லை. வேலைப்பளுவை மாற்றாமல் ஆசிரியருக்கு மட்டும் யோகாசன வகுப்பு நடத்துவது ஏன் போதாது என்பதற்கு அந்த வகைப்பாடே விளக்கம்.

கல்லூரியின் கதை சற்று வேறு. அங்கே ஆசிரியருக்கு நேரத்திலும் பாடத்திட்டத்திலும் கூடுதல் சுதந்திரம் உண்டு. அந்தச் சுதந்திரத்துக்காகவே பலர் அங்கே வருகிறார்கள். ஆனால் பதவி உயர்வு பெரும்பாலும் ஆய்வுக்கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பொறுத்திருக்கிறது, நாளின் பெரும்பகுதியோ கற்பித்தலில் செல்கிறது. எதைச் செய்வதில் நாள் கழிகிறதோ அது கணக்கில் வருவதில்லை, எது கணக்கில் வருகிறதோ அதற்கு நாளில் இடமில்லை. இந்த இழுபறியில் நல்ல ஆசிரியர் குற்ற உணர்வோடு வாழ்கிறார்: வகுப்புக்குத் தயாராகும்போது கட்டுரையை நினைத்தும், கட்டுரை எழுதும்போது வகுப்பை நினைத்தும் உளைகிறார். இதோடு ஆண்டுக்கு ஆண்டு, சில இடங்களில் பருவத்துக்குப் பருவம், புதுப்பிக்கப்படும் ஒப்பந்தப் பணி சேர்ந்துகொள்கிறது. அடுத்த பருவம் இங்கே இருப்போமா என்று தெரியாதவர், மூன்றாண்டுப் பாடநெறியின் வளர்ச்சியைப் பற்றி எப்படிச் சிந்திப்பார்? உயர்கல்வி ஆசிரியர்களின் நிலை குறித்து யுனெஸ்கோ 1997இல் ஏற்ற பரிந்துரை, கல்விச் சுதந்திரத்தையும் பணிப் பாதுகாப்பையும் அருகருகே வைத்துப் பேசுகிறது. பள்ளி ஆசிரியர்களுக்கு அதே நோக்கில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனெஸ்கோவும் சேர்ந்து 1966 அக்டோபர் 5 அன்று ஏற்ற பரிந்துரையின் நினைவாகத்தான், 1994 முதல் அந்த நாள் உலக ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. உங்கள் கல்லூரியில் கற்பித்தலை மட்டுமே தம் முதன்மைப் பணியாகத் தேர்ந்துகொள்பவருக்கும் உயர்வுக்கான வழி ஒன்றைத் திறக்க முடியுமானால், அதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்யுங்கள்.

விலகிச் செல்பவர்களைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது சரியே. ஆசிரியர் பற்றாக்குறையைப் பற்றி 2001இல் எழுதிய சமூகவியலாளர் ரிச்சர்ட் இங்கர்சால், புதியவர்கள் போதிய அளவில் வராததைவிட, இருப்பவர்கள் ஓய்வு வயதுக்கு முன்பே போய்விடுவதே பெரிய காரணம் என்று அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு காட்டினார். ஓட்டை வாளியில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் நிரம்பாது. உலக அளவில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் தொழிலை விட்டு விலகும் விகிதம் 2015இல் 4.6 விழுக்காடாக இருந்தது, 2022இல் ஏறக்குறைய 9 விழுக்காடாக உயர்ந்தது என்கிறது யுனெஸ்கோ; 2030க்குள் 4.4 கோடி புதிய ஆசிரியர்கள் தேவைப்படுவார்கள் என்பதும் அதன் மதிப்பீடு. நல்ல சூழலுக்குள்ள மதிப்பை அளந்த ஆய்வும் உண்டு. மேத்யூ கிராஃப்ட், ஜான் பேப்பே இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆசிரியர்களுக்கு ஆதரவான சூழலுள்ள பள்ளிகளில் பணியாற்றியவர்கள், அத்தகைய ஆதரவு குறைந்த பள்ளிகளில் பணியாற்றியவர்களைவிடப் பத்தாண்டுகளில் 38 விழுக்காடு அதிகமாகத் தங்கள் கற்பித்தல் திறனில் முன்னேறியிருந்தார்கள். சக ஆசிரியர்களோடு சேர்ந்து பணியாற்ற முடிவதும் நம்பத்தக்க தலைமை இருப்பதும் அந்தச் சூழலின் கூறுகள். இளம் ஆசிரியரைச் சேர்ந்த முதல் நாளே மிகக் கடினமான பிரிவுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால், அதை இந்த ஆண்டே நிறுத்துங்கள். முதல் ஆண்டில் அவருக்கு இரண்டு பாடவேளைகளைக் குறைத்து, அதே பாடத்தை நடத்தும் மூத்தவர் ஒருவரின் வகுப்பில் அமர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மூத்தவருக்கும் அது மரியாதை. பதவி உயர்வு தராத தொழிலில் அனுபவத்துக்குக் கிடைக்கும் உயர்வு அதுவே.

விருதுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆண்டுக்கு ஒருவரை மேடையேற்றும் விருது, மேடையேறாத நாற்பது பேரிடம் என்ன சொல்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். அங்கீகாரம் வேண்டியதே, ஆனால் அது குறிப்பானதாக இருக்கும்போதுதான் உள்ளே இறங்குகிறது. ‘எட்டாம் வகுப்பில் அந்த மாணவிக்கு நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன், அதன் பிறகு அவள் எழுத்து மாறியிருக்கிறது’ என்று தலைமையாசிரியர் நடைவழியில் நின்று சொல்லும் ஒரு வாக்கியத்தை, ஆசிரியர் பல ஆண்டுகள் நினைவில் வைத்திருப்பார். அப்படிச் சொல்வதற்குத் தலைமையாசிரியர் அந்தக் குறிப்பைப் படித்திருக்க வேண்டும். அவருடைய நேரமும் அறிக்கைகளில் கரைந்துபோனால் அது நடக்காது.

எதிலிருந்து தொடங்குவது என்றால், இருப்பவர்களோடு தனித்தனியாகப் பேசுவதிலிருந்து தொடங்கலாம். விலகும்போது காரணம் கேட்கும் வழக்கம் பல நிறுவனங்களில் இருக்கிறது, அப்போது எவரும் மனம் திறப்பதில்லை. தங்கியிருப்பவரிடம் இரண்டு கேள்விகள் போதும்: ‘கடந்த மாதத்தில் வகுப்பில் உங்களுக்கு நிறைவு தந்த நாள் எது?’, ‘உங்களை வகுப்பிலிருந்து விலக்கும் வேலைகளில் நாளைக்கே நிறுத்தக்கூடியது எது?’ இரண்டாவது கேள்விக்குப் பலரும் ஒரே மாதிரியான நான்கைந்து பதில்களைச் சொல்வார்கள். அவற்றுள் உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒன்றை அந்த மாதத்துக்குள்ளேயே நிறுத்தி, இன்னார் இன்னார் சொன்னதால் நிறுத்தினோம் என்று அவர்கள் சம்மதத்தோடு எல்லாருக்கும் தெரிவியுங்கள். உங்கள் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவற்றை ஏன் நிறுத்த முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கருத்தைக் கேட்டுவிட்டு எதுவும் செய்யாமல் இருப்பது, கேட்காமலே இருப்பதைவிட அதிகக் கேடு விளைவிக்கும். ஆகவே அந்த முதல் மாற்றத்தைச் செய்ய உங்களுக்கு உறுதி இருக்கும்போது மட்டும் இந்த உரையாடலைத் தொடங்குங்கள்.